பெட்டிக்குள் மிதிவண்டி, விமானத்துக்குள் பெட்டி

மிதிவண்டியை விமானத்தில் தன்னுடன் கொண்டுசெல்ல விரும்பும் பயணி சந்திக்கும் இடர்ப்பாடுகளில் பெரும்பாலானவை இரண்டு காரணங்களிலிருந்து பிறக்கின்றன: பயணப்பெட்டிகளுக்கென விமான நிறுவனங்கள் வகுத்துள்ள அளவுக்குள் முழு உருவ மிதிவண்டி அடங்குவதில்லை என்பது ஒன்று, ஓட்டுபவரின் எடையையும் சாலைப் பள்ளங்களின் அதிர்வையும் மேலிருந்து கீழாக எளிதில் தாங்கிக்கொள்ளும் அந்த வண்டி, பக்கவாட்டில் விழும் அழுத்தத்துக்கு விரைவில் வளைந்து கொடுத்துவிடும் என்பது மற்றொன்று. விமான நிலையத்தின் நகரும் பட்டையிலும், இழுவண்டியிலும், சரக்கறையிலும் அது படுக்கவைக்கப்பட்டு, அதன்மேல் பிற பெட்டிகள் ஏற்றப்படுவதால், பயணம் முழுவதும் அது தாங்க வேண்டியிருப்பது இந்தப் பக்கவாட்டு அழுத்தத்தையே. கழற்றுவது, கட்டுவது, பெட்டியைத் தேர்ந்தெடுப்பது ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு அணுகினால், விதிகளின் காட்டில் வழி தவறாமல் நடக்கலாம்.

இத்தகைய பயணத்தை மேற்கொள்வோர் தமிழகத்திலும் இருக்கின்றனர். லடாக்கின் மலைப்பாதைகளில் ஓட்டுவதற்காக வண்டியை லே நகருக்குக் கொண்டுசெல்வோர் ஒரு சாரார். பிரான்சில் நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடுந்தொலைவு ஓட்டத்துக்குச் செல்வோர் மற்றொரு சாரார். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய அவ்வோட்டம், இன்று ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை அதிகபட்சம் 90 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டிய பொறுமைச் சோதனையாக நடக்கிறது. அதற்குத் தகுதி பெற 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டங்களை முன்னதாக முடித்திருக்க வேண்டும் என்பதால், சென்னை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களிலும் அத்தகைய ஓட்டங்கள் நடத்தப்படுகின்றன. இரவும் பகலும் ஓட்டுபவருக்கு இருக்கையின் உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலும் முழங்கால் வலி வந்துவிடக்கூடும். ஆகவே பழகிய வண்டியைக் கொண்டுசெல்வது அவர்களைப் பொறுத்தவரை ஆடம்பரம் ஆகாது. ஊர் சுற்றிப் பார்க்க ஓரிரு நாள் வண்டி வேண்டுவோர், சென்ற இடத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்வதே நலம்.

முதலில் அளவைப் பார்க்கலாம். சரக்கறைக்கு அனுப்பப்படும் பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்கு மேற்படக்கூடாது என்பது உலகெங்கும் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. புதிய மிதிவண்டிகள் கடைக்கு வந்துசேரும் அட்டைப்பெட்டி ஏறத்தாழ 140 செ.மீ. நீளமும் 80 செ.மீ. உயரமும் 20 செ.மீ. அகலமும் உடையது; கூட்டுத்தொகை 240 செ.மீ. ஆகிறது. இந்த மீறலை விமான நிறுவனங்கள் ‘விளையாட்டுச் சாதனம்’ என்னும் தனிப்பிரிவின்கீழ் ஏற்றுக்கொள்கின்றன. சில நிறுவனங்கள் வழக்கமான பயணச்சுமைக் கணக்கிலேயே மிதிவண்டியைச் சேர்த்துக்கொள்ள, சில நிறுவனங்கள் ஒவ்வொரு பயணத்துக்கும் தனிக்கட்டணம் பெறுகின்றன. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால், சென்ற ஆண்டு சென்றுவந்த நண்பரின் சொல்லை நம்பாமல், பயணச்சீட்டு வாங்கும் நாளன்று நடப்பிலிருக்கும் விதியைப் படித்துக்கொள்வது இன்றியமையாதது.

எடைக்கும் வரம்புகள் உண்டு. வெளிநாட்டுப் பயணங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்பதும், இந்திய உள்நாட்டுப் பயணங்களில் ஆளுக்கு 15 கிலோ என்பதும் பெரும்பான்மையாக உள்ள அளவுகள். சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான வண்டி 8 முதல் 10 கிலோ வரையும், சுமை ஏற்றிச் செல்லும் நெடும்பயண வண்டி 13 முதல் 15 கிலோ வரையும் எடையுள்ளவை. அட்டைப்பெட்டி 4 அல்லது 5 கிலோ சேர்க்கும். கடினமான பிளாஸ்டிக் கூடுகளோ தாமே 10 கிலோவைத் தாண்டும். காசு கொடுத்து வாங்கும் கூட்டைவிடக் கடையில் கேட்டால் கிடைக்கும் அட்டைப்பெட்டி பலருக்கு ஏற்றதாக அமைவதற்கு இதுவே முதற்காரணம்.

கூடுதல் கட்டணம் செலுத்தினாலும் ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களிலும் உள்ள விதி. இதைப் பயணியிடம் பணம் பறிக்கும் தந்திரமாகக் கருதுவோர் சரக்கறையின் உட்புறத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களின் சரக்கறையில் வளர்ந்த ஒருவர் நிமிர்ந்து நிற்க இயலாது. பெட்டிகளைக் கையால் அடுக்கும் பணியாளர் மண்டியிட்டோ குனிந்தோ ஒவ்வொரு பெட்டியையும் இழுத்து, திருப்பி, மூலைக்குத் தள்ளுகிறார். ஒரே பணிநேரத்தில் நூற்றுக்கணக்கான பெட்டிகளைக் கையாளும் அவருடைய முதுகெலும்பைக் காப்பதற்கான வரம்பு அது. மிதிவண்டிப் பெட்டியின் இரு பக்கங்களிலும் கைப்பிடித் துளைகள் இருக்க வேண்டும் என்று பட்டறிவுள்ளோர் வற்புறுத்துவதும் இதனால்தான்: பிடிப்பதற்கு இடமில்லாத பெரிய பெட்டியை இழுக்கவும் உருட்டவும் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ‘இப்பக்கம் மேலே’ என்ற அம்புக்குறி அந்த உயரத்தில் பயன்படாது. பெட்டி படுக்கத்தான் போகிறது, அதன்மேல் சுமை ஏறத்தான் போகிறது என்று கருதியே வண்டியைக் கட்ட வேண்டும்.

விமானத்தின் வகையும் கருதத்தக்கது. சேலம் போன்ற சிறு நிலையங்களுக்கு வந்துபோகும் ஏடிஆர் 72 விமானத்தின் சரக்கறை குறுகியது என்பதால், பெரிய விமானத்தில் தடையின்றி ஏறும் பெட்டிக்கு அங்கு இடம் மறுக்கப்படலாம். லே நகரின் சிக்கல் வேறு வகையானது: கடல்மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் உள்ள அந்நிலையத்தில் காற்றின் அடர்த்தி குறைவாக இருப்பதால் இறக்கைகளின் தூக்குவிசையும் எஞ்சின்களின் உந்துவிசையும் குறைகின்றன, எனவே அங்கிருந்து புறப்படும் விமானங்கள் குறைந்த சுமையுடன் கிளம்ப வேண்டியுள்ளது, அப்போது பருமனான பெட்டிகள் அடுத்த விமானத்துக்கு ஒத்திவைக்கப்பட வாய்ப்புண்டு. லேயிலிருந்து திரும்பும் அன்றே டெல்லியில் மற்றொரு நிறுவனத்தின் விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடுவது இக்காரணத்தால் துணிச்சலான செயல்.

பயணச்சீட்டு வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை மேலும் சில உள்ளன. சீட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்க, விமானத்தை ஓட்டுவது அதன் கூட்டாளி நிறுவனமாக இருக்கும் ஏற்பாடு இன்று மிகப் பரவலாகிவிட்டது. அத்தகைய பயணத்தில் மிதிவண்டியை ஏற்பதா என்று முடிவெடுப்பதில் ஓட்டும் நிறுவனத்தின் விதிக்கும் இடமுண்டு என்பதால் இரண்டு நிறுவனங்களிடமும் கேட்டறிய வேண்டும். இரு தனிச்சீட்டுகளாக வாங்கினால் கட்டணம் இருமுறை செலுத்த நேரும். நடுவழியில் பெட்டியைப் பெற்று மறுபடியும் ஒப்படைக்கவும் நேரும். மிதிவண்டி கொண்டுவரும் செய்தியை முன்கூட்டியே பதிவுசெய்து, நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்தில் பெற்று, அதன் அச்சுப்படியைக் கையில் வைத்திருப்பவருக்குச் செக்-இன் மேசையில் நடக்கும் வாதம் பெரும்பாலும் சுருக்கமாக முடிந்துவிடுகிறது.

இனி வண்டியைக் கட்டும் முறை. முதலில் பெடல்களைக் கழற்ற வேண்டும். வலப்பெடலின் மரை வழக்கமான திசையிலும் இடப்பெடலின் மரை எதிர்த்திசையிலும் வெட்டப்பட்டிருப்பதால், இடப்பெடலைக் கழற்றக் கடிகாரமுள் செல்லும் திசையில் திருப்ப வேண்டும். இதை அறியாமல் ஸ்பேனரை வலிந்து திருப்பி மரையைக் கெடுத்துக்கொள்வோர் உண்டு. இருக்கைத் தண்டை உருவுவதற்கு முன், அது ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டால், மறுபடி பொருத்தும்போது உயரத்தை அளந்து பார்க்க வேண்டியதில்லை. ஹேண்டில்பாரை அதன் முகப்பில் உள்ள சிறு போல்ட்டுகளை மட்டும் கழற்றி விடுவித்து, ஃபிரேமின் ஓரமாகத் திருப்பிக் கட்டலாம். அதைத் தாங்கும் ஸ்டெம் என்னும் பகுதியையும் கழற்றினால் முன் ஃபோர்க் தளர்ந்து பேரிங்குகள் நழுவும் என்பதால், தேவையின்றி அதைத் தொடாதிருப்பது நல்லது. அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் பிரேக் குழல்கள் ஹேண்டில்பாரின் உள்ளேயும் ஸ்டெம்மின் உள்ளேயும் ஓடுகின்றன. அவற்றைப் பிரிப்பது பட்டறை வேலையாகிவிடும் என்பதால், ஹேண்டில்பாரைக் கழற்றாமலே ஏற்கும் அகன்ற கூடு அவ்வண்டிகளுக்குத் தேவைப்படுகிறது.

மிக எளிதில் சேதமடைவது பின்புறக் கியர் மாற்றி. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் இவ்வுறுப்பு, ஹேங்கர் என்னும் சிறு அலுமினியத் துண்டின் வழியாக ஃபிரேமில் தொங்குகிறது. அடி விழுந்தால் ஃபிரேமுக்குப் பதில் அத்துண்டே வளையட்டும் என்பதற்காக அது வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்படுகிறது. ஆகவே கியர் மாற்றியைக் கழற்றி, துணியில் சுற்றி, ஃபிரேமின் பின்முக்கோணத்துக்குள் கட்டிவைப்பதுடன், அந்த வண்டிக்கே உரிய மாற்று ஹேங்கர் ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கான வடிவங்களில் வரும் அத்துண்டு அயலூர்க் கடையில் கிடைப்பது அரிது. அடுத்தது முன் ஃபோர்க். சக்கரம் கழற்றப்பட்டதும் அதன் இரு கால்களுக்கிடையே 10 செ.மீ. வெற்றிடம் உண்டாகிறது, மேலிருந்து சுமை அழுத்தும்போது கால்கள் உள்நோக்கி வளையாதிருக்க அவ்விடத்தில் ஒரு முட்டுக்கட்டை வேண்டும். புது வண்டிகளுடன் வரும் பிளாஸ்டிக் முட்டுக்கட்டையைக் கடைக்காரர்கள் தூக்கி எறிந்துவிடுவதால் கேட்டால் இலவசமாகவே கொடுப்பர். இல்லையெனில் பிவிசி குழாயை அளவாக வெட்டி, நீண்ட போல்ட் ஒன்றால் பிணைத்துப் பொருத்தினாலும் போதும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் வட்டத்தகடுகளைக் கழற்றித் தனியே வைப்பதும், தகடு இருந்த இடைவெளியில் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஒரு தடிப்பான அட்டைத்துண்டைச் செருகுவதும் அவசியம். செருகாவிட்டால், பயணத்தின்போது பிரேக் பிடி அழுந்தினால் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மறுபடி தகடு நுழைய இடம் தராமல் நின்றுவிடும்.

ஃபிரேமின் குழாய்களுக்கு மேலுறையாக, ஏ.சி. இயந்திரத்தின் செம்புக் குழாய்களில் சுற்றும் கறுப்பு நுரைக்குழலைவிட மலிவான, பொருத்தமான பொருள் கிடைப்பது கடினம். நீளவாக்கில் கீறி, குழாயின்மேல் மாட்டி, டேப் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. சக்கர அச்சின் முனைகள் பெட்டியைத் துளைத்து வெளியேறாதபடி மடித்த அட்டையால் மூட வேண்டும். போல்ட், பெடல், அச்சு முதலிய சிறு உறுப்புகளையும் கருவிகளையும் ஒரே பையில் இட்டு, அந்தப் பையை ஃபிரேமோடு பிணைத்துவிட வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்காகப் பெட்டி திறக்கப்பட்டு அவசரமாக மூடப்படுவது இயல்பு. அப்போது கிழிந்த மூலை வழியே ஒரு சிறு போல்ட் நழுவினாலும் வண்டி ஓடாது.

டயரிலிருந்து காற்றை இறக்கிவிட வேண்டும் என்ற விதியைச் சற்று நின்று ஆராய்வது பயனுள்ளது, ஏனெனில் அதற்குச் சொல்லப்படும் காரணம் இயற்பியலோடு ஒத்துவரவில்லை. உயரப் பறக்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து டயர் வெடித்துவிடும் என்பதே பொதுவான அச்சம். பயணிகள் விமானத்தின் சரக்கறையும் பயணிகள் அறையைப் போலவே காற்றழுத்தம் ஊட்டப்பட்டது. அவ்வழுத்தம் 8,000 அடி உயரத்தில் நிலவும் அழுத்தத்துக்குக் கீழே இறங்காதபடி பேணப்படுகிறது. சதுர அங்குலத்தின்மேல் விழும் எடையைப் பவுண்டில் குறிக்கும் பிஎஸ்ஐ என்னும் அலகில் சொன்னால், கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7, 8,000 அடியில் ஏறத்தாழ 10.9. ஆகவே சென்னையில் 80 பிஎஸ்ஐ நிரப்பிய டயர், நடுவானில் 84-ஐக்கூட எட்டாது. லடாக்கின் கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் ஏறத்தாழ 7.5 பிஎஸ்ஐ மட்டுமே, அதாவது சரக்கறையில் இருப்பதைவிடக் குறைவு. அக்கணவாயை முழுக்காற்று நிரப்பிய டயருடன் மிதிவண்டி ஓட்டிகள் ஆண்டுதோறும் கடந்து செல்கின்றனர். வெடிப்பு அச்சம் ஆதாரமற்றது என்றாலும், விதி இருக்கும்வரை மேசைக்கு அப்பால் நிற்கும் அலுவலருடன் இயற்பியல் பேசுவது பயன் தராது. அழுத்தத்தைப் பாதிக்குமேல் குறைத்து, கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்குச் சிறிது காற்றை விட்டுவைப்பதே சரியான நடுவழி. டயர் முற்றிலும் சப்பையானால், பெட்டி தரையில் மோதும்போது அதிர்ச்சி முழுவதும் ரிம்மின்மேல் விழும். டியூப் இல்லாத டயராக இருந்தால் அதன் விளிம்பு ரிம்மை விட்டு விலகி, உள்ளிருக்கும் பஞ்சர் அடைப்புத் திரவம் பெட்டி முழுவதும் கசியும்.

மின்கலம் பற்றிய விதியோ முற்றிலும் நியாயமானது. லித்தியம் மின்கலம் பழுதடைந்தால், அதன் வெப்பம் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு அடுத்தடுத்த கலங்களுக்கும் பரவும். சரக்கறையில் உள்ள ஹாலான் வாயு தீச்சுடரை அணைத்தாலும் இவ்வெப்பத் தொடர்வினையை நிறுத்த வல்லதன்று. பயணிகள் அறையில் என்றால் பணியாளர்கள் உடனே கண்டறிந்து நீர் ஊற்றிக் குளிர்விக்க முடியும். இதனாலேயே உதிரி மின்கலங்களும் பவர் பேங்குகளும் கைப்பையில் மட்டுமே செல்ல வேண்டும் என்று வகுக்கப்பட்டுள்ளது. மின்கலத்தின் ஆற்றல் வாட்-மணி என்னும் அலகில் அளக்கப்படுகிறது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் அது கிடைக்கும். 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றைப் பயணி கொண்டுசெல்ல இயலாது, உடற்குறையுடையோரின் மின்சக்கர நாற்காலிகளுக்கு மட்டும் தனி விதி உண்டு. மின்னணுக் கியர்களின் மின்கலங்கள் பெரும்பாலும் நான்கு வாட்-மணியைக்கூட எட்டாதவை. மின்மிதிவண்டியின் மின்கலமோ 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்ற எளிய வகையாயினும் 360 வாட்-மணி ஆகிறது; ஆகவே மின்மிதிவண்டியை மின்கலத்துடன் பயணிகள் விமானத்தில் கொண்டுசெல்வது நடவாத செயல். பஞ்சர் ஒட்டியபின் டயரை நொடியில் நிரப்ப உதவும் கார்பன் டைஆக்சைடு குப்பிகளுக்கு நாட்டுக்கு நாடு விதி வேறுபடுவதால், அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கைப்பம்பு எடுத்துச் செல்வது மனஅமைதி தரும்.

அடிக்கடி பறப்போருக்கு வேறொரு வழியும் உண்டு: 158 செ.மீ. வரம்புக்குள் அடங்கும்படியே வண்டியை அமைத்துக்கொள்வது. லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி வடிவமைத்த பிராம்ப்டன் மடக்கு வண்டி, மடித்த நிலையில் ஏறத்தாழ 64.5, 58.5, 27 செ.மீ. அளவுகளையுடையது, கூட்டுத்தொகை 150. முழு அளவுச் சக்கரங்களை விட்டுக்கொடுக்க மனமில்லாதோர், ஃபிரேமின் குழாய்களை இடையில் வெட்டி மரையிட்ட உலோக இணைப்பிகளைப் பொருத்திக்கொள்கின்றனர். அமெரிக்காவின் எஸ் அண்ட் எஸ் இணைப்பிகள் அவ்வகையைச் சேர்ந்தவை, அவற்றுக்கான பெட்டி 26, 26, 10 அங்குலம், அதாவது மிகச்சரியாக வரம்பின் விளிம்பு. இதற்கு நேரெதிரான வழியையும் நெடும்பயணிகள் சிலர் நம்புகின்றனர்: ஒளி ஊடுருவும் பெரிய பாலித்தீன் உறையில் வண்டியை அப்படியே நுழைத்துவிடுவது. உள்ளே மிதிவண்டி இருப்பதைக் கண்ணால் காணும் பணியாளர் அதன்மேல் பிற சுமைகளை அடுக்கமாட்டார் என்பது அவர்களின் கணக்கு. அதில் உண்மை இருந்தாலும், உறையை ஏற்காத நிறுவனங்கள் பல உள்ளன.

திரும்பும் பயணத்துக்குப் பெட்டி எங்கிருந்து வரும் என்பதைப் புறப்படும் முன்பே முடிவுசெய்துகொள்ள வேண்டும். ஓரிடத்தில் தொடங்கி அங்கேயே முடிப்பவர் பெட்டியைத் தங்கும் விடுதியில் வைத்துச் செல்லலாம். ஓரூரில் தொடங்கி வேறோரூரில் முடிப்பவர், முடிக்கும் ஊரின் மிதிவண்டிக் கடை ஒன்றுடன் முன்னரே பேசி, பெட்டி ஒன்றை எடுத்துவைக்கச் சொல்வது வழக்கம். ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ செல்லும் வண்டியின் டயரில் மண் ஒட்டியிருந்தால் வேளாண் நோய்த்தடுப்பு அலுவலர்கள் தடுத்துவிடுவர் என்பதால், நன்கு கழுவித் துடைத்தே கட்ட வேண்டும். விலையுயர்ந்த வண்டியுடன் இந்தியாவிலிருந்து வெளியேறுபவர், புறப்படும்போதே சுங்க அலுவலரிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், திரும்பும்போது புதிதாக வாங்கிவந்த பொருளென்று கருதப்பட்டு வரி கேட்கப்படும் நிலை எழாது.

இவ்வளவுக்குப் பின்னும் வண்டி சேதமடைந்து வந்தால், சட்டத்தின் துணை உண்டு. பன்னாட்டுப் பயணங்களில் விமான நிறுவனத்தின் பொறுப்பை 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை வரையறுக்கிறது. இந்தியாவும் அதில் 2009 முதல் உறுப்பு நாடு. சேதத்தைப் பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள்ளும், தாமதத்தைப் பெட்டி ஒப்படைக்கப்பட்ட 21 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஆகவே பெட்டியின் வெளிப்புறம் கிழிந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறாமல் அங்கேயே திறந்து பார்த்து, நிறுவனத்தின் மேசையில் அறிக்கை பதிவுசெய்து, அதன் எண்ணைப் பெற்றுக்கொள்வதே உறுதியான வழி. கட்டுவதற்கு முன் எடுத்துவைத்த ஒளிப்படங்கள் அப்போது கைகொடுக்கும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள். பன்னாட்டு நிதியம் கணக்கிடும் இவ்வலகின்படி அது 2,000 அமெரிக்க டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகை. பயணி கொண்டுசென்ற எல்லாப் பெட்டிகளுக்கும் சேர்த்தே இந்த வரம்பு என்பதால், கார்பன் இழை வண்டி ஒன்றின் விலைக்குப் பலமுறை இது போதாது. அத்தகைய வண்டியைக் கொண்டுசெல்வோர் தனிக் காப்பீடு எடுக்கலாம். அல்லது உடன்படிக்கையே இடமளிக்கும் ‘சிறப்பு மதிப்பு அறிவிப்பு’ ஒன்றைச் செய்து, நிறுவனம் கேட்கும் கூடுதல் தொகையைச் செலுத்தி, அறிவித்த மதிப்பு வரை நிறுவனத்தின் பொறுப்பை உயர்த்திக்கொள்ளலாம். அவ்வறிவிப்பைப் பெட்டியை ஒப்படைக்கும் வேளையிலேயே செய்தாக வேண்டும். பெட்டி பட்டையில் ஏறிச் சென்றுவிட்ட பிறகு அதற்கு வழியில்லை.